ஊருக்காகப் பேசுவது எப்படி? கிராம சபைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டீக்கடை, பஸ் ஸ்டாப், ஊர் வாட்ஸ்அப் குழு என்று எங்கே பார்த்தாலும் நாம் ஊர்ப் பிரச்சினையைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, ஏரியில் ராத்திரியோடு ராத்திரியாக மண் அள்ளுகிறார்கள், சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. பேச்சுக்குக் குறைச்சலே கிடையாது. இதே பேச்சு எழுத்தில் ஏறி, அரசாங்கத்தில் யாராவது ஒருவர் பதில் சொல்லக் கடமைப்படுகிற ஓர் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் கிராம சபை. நம்மில் நிறையப் பேர் அங்கே போனதே இல்லை. போனவர்களிலும் பலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தவர்கள்தான்.

ஊருக்காகக் குரல் கொடுப்பது என்றாலே மைக்கைப் பிடித்து ஆவேசமாகப் பேசுவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் பேச்சு அதில் கால்வாசிதான். பேசுவதற்கு முன்னால் யார் யாரிடம் கேட்டோம், பேசியது தீர்மானப் புத்தகத்தில் எந்த வார்த்தைகளில் ஏறியது, அப்புறம் அதை யார் விடாமல் துரத்தினார்கள் என்பதில்தான் மிச்சம் முக்கால்வாசியும் இருக்கிறது. அந்த முக்கால்வாசியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மன்றம் வேறு, சபை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊராட்சி மன்றம் என்பது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய தலைவரும் வார்டு உறுப்பினர்களும் சேர்ந்தது. கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் சேர்ந்தது. அதற்கு யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டாம், எந்தக் கட்சிக்காரரின் சிபாரிசும் வேண்டாம், 18 வயதாகிப் பட்டியலில் பெயர் ஏறிய அன்றைக்கே நீங்கள் உறுப்பினர். தலைவர் கூட்டத்தை நடத்துகிறார், அவ்வளவுதான். கூட்டம் அவருடையது இல்லை.

இதற்கு அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் உண்டு. 1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில்தான் கிராம சபை என்ற அமைப்பு 243ஏ பிரிவில் உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. சட்டசபையில் நமக்காக எம்.எல்.ஏ. பேசுகிறார், டெல்லியில் எம்.பி. பேசுகிறார். பேசுகிறாரா இல்லையா என்பது வேறு கதை, எப்படியிருந்தாலும் அங்கே நாம் பேச முடியாது. கிராம சபையில் நடுவில் ஆளே கிடையாது, நாமே நேராகப் பேசலாம், கணக்குக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் இது நடக்க வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான் இருந்தது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஐயும் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1ஐயும் 2022இல் சேர்த்தார்கள். கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச் வளாகம் எதிலும் நடத்தக் கூடாது. ஓர் ஊராட்சியில் நாலைந்து குக்கிராமங்கள் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும். இந்த விதி ஏன் முக்கியம் என்றால், எப்போதுமே ஊர் நடுவில் உள்ள ஊராட்சி அலுவலக வாசலில்தான் கூட்டம் என்றாகிவிட்டால், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற காலனிக்காரர்கள் வரவே மாட்டார்கள். வந்தாலும் ஓரமாகத்தான் நிற்பார்கள்.

கோரம் என்று ஒன்று உண்டு, அதாவது குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் போனால் 300 பேர். கூட்டம் நடக்கும்போது இந்த எண்ணிக்கையை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆள் வராவிட்டாலும் கையெழுத்து வந்துவிடுகிற ஊர்கள் இருக்கின்றன.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு இதுபோல ஒன்று இல்லையே என்று கேட்கலாம். 2022 நவம்பர் முதல் பகுதி சபை என்று மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் நடத்துகிறார்கள். கிராம சபை அளவுக்கு அது இன்னும் பழக்கமாகவில்லை. கீழே சொல்லப்போகிற பெரும்பாலான விஷயங்கள் அதற்கும் பொருந்தும்.

ஊர் என்றால் யார்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே முடியாது. "ஊர் மக்கள் எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒருவர் மைக்கில் சொல்லும்போது அந்த "எல்லோரும்" என்பதில் யார் யார் இருக்கிறார்கள்? நம் ஊர்களின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

1994 சட்டத்தின் கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல் நடந்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் அவர்களில் ஒருவர்தான் தலைவராக முடியும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் அப்படித் தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று அவரையும் அவரோடு சேர்த்து ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார வந்ததுதான் அவர் செய்த "குற்றம்". அதேபோலப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து வருடம் தேர்தலே முறையாக நடக்க விடவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்காது, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்ய வைத்துவிடுவார்கள். 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்தார் என்றால், அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு இவ்வளவு பெரிய பின்னணி இருக்கிறது.

எல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய புகைப்படம் வெளிவந்தது. தலைவரே தரையில் உட்கார வேண்டிய கூட்டத்தில், கடைசி வரிசையில் நிற்கிற ஒரு கூலித் தொழிலாளி வாய் திறப்பாரா?

பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீத இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016இல் சட்டமானது. நல்ல சட்டம். ஆனாலும் பெண் தலைவராக இருக்கிற பல ஊர்களில் மைக்கைப் பிடிப்பது "பிரசிடெண்ட் வீட்டுக்காரர்"தான் என்பது ஊருக்கே தெரியும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனது இல்லை. கூட்டத்தில் அவர் பேச ஆரம்பித்தால், "தலைவரம்மாவே சொல்லட்டும்" என்று மரியாதையாக ஒருவர் சொன்னால் போதும், பல இடங்களில் நிலைமை மாறும். அதைச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் தைரியம் வேண்டும்.

இவர்களைத் தவிரவும் வராதவர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள், படுத்த படுக்கையாக இருக்கிற முதியவர்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டு வீட்டைப் பாட்டியிடம் விட்டிருப்பவர்கள், வாக்காளர் அட்டையே இல்லாத நாடோடிச் சமூகங்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் வெளிமாநிலக் குடும்பங்கள். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளுக்கு நியமன உறுப்பினர்களாக ஆக்கும் சட்ட மசோதா 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தேர்தலில் நின்று ஜெயிக்கும் வாய்ப்பு குறைவாக உள்ள ஒரு தரப்புக்கு இருக்கை ஒதுக்கிக் கொடுப்பது என்பதுதான் அதன் பொருள். மற்றவர்களுக்கு அந்த ஏற்பாடும் இல்லை. அவர்களுக்காக யாராவது பேசினால்தான் உண்டு.

போவதற்கு முன்னால்

ஊருக்காகப் பேசப் போகிறவர் முதலில் ஊரிடம் கேட்க வேண்டும். கேட்காமலே பேசுகிறவர் தன் வீட்டு வாசலில் உள்ள பிரச்சினையைத்தான் ஊர்ப் பிரச்சினை என்று சொல்வார், அதில் அவர் தப்பும் இல்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடங்கள். குழாயடியில் நிற்கிற பெண்களிடம் பேசுங்கள், நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போங்கள், ரேஷன் கடை வரிசையில் பேச்சுக் கொடுங்கள், மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற நாளில் பத்து நிமிஷம் கேளுங்கள். ஆம்பளை ஆம்பளையிடம் மட்டும் கேட்டால் ரோடும் டாஸ்மாக்கும்தான் பிரச்சினையாக வரும். பெண்களிடம் கேட்டால்தான் பள்ளிக்கூடக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பதும், ஏழு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் விளக்கு எரியாததால் காலேஜ் போகிற பிள்ளை கடைசி பஸ்ஸில் வரப் பயப்படுகிறாள் என்பதும் வெளியே வரும்.

இப்படிக் கேட்டதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெருப் பெயர், எத்தனை வீடு, எந்த மாதத்திலிருந்து, முன்பு யாரிடம் மனு கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது என்ற விவரங்கள் வேண்டும். முடிந்தால் கையெழுத்தும். எழுதுகிறபோதே ஒன்றைக் கவனியுங்கள், இரண்டு தெருவுக்கு நடுவே ஒன்றுக்கொன்று எதிரான கோரிக்கைகளும் வரும். மேல்தெருக்காரர்கள் வாய்க்கால் கரையில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்வார்கள், அந்த ஆக்கிரமிப்பு என்பது நாற்பது வருடமாக வேறு இடமில்லாமல் குடியிருக்கிற பத்துக் குடும்பங்களாக இருக்கும். ஊரில் பெரும்பான்மை எது கேட்கிறதோ அதைப் பேசிவிடுவது சுலபம். அந்தப் பத்துக் குடும்பங்களுக்கும் பட்டா வேண்டும் என்ற வரியையும் சேர்த்து எழுதிக்கொண்டு போகிறவரைத்தான் நான் ஊருக்காகப் பேசுகிறவர் என்று சொல்வேன்.

அப்புறம் பயம். இதைச் சொல்லாமல் விட முடியாது. கேள்வி கேட்டவர் வீட்டுக் குழாய் இணைப்பு "தற்செயலாக" துண்டிக்கப்படும், நூறு நாள் வேலை வருகைப் பதிவில் பெயர் விடுபடும், ஆடு மேய்க்கப் போன இடத்தில் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒருவரை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் பின்னால் நிற்கிற வேலை வேண்டாம். ஒவ்வொரு விஷயத்தையும் ஒவ்வொருவர் எடுத்துப் பேசுங்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் விளக்கு, ஒருவர் கணக்கு. மனுவில் இருபது முப்பது பேர் கையெழுத்து இருந்தால் யாரைக் குறி வைப்பது என்றே தெரியாது.

தீர்மானப் புத்தகம்

கூட்டத்தில் மேஜைக்குப் பின்னால் தலைவர் இருப்பார், ஊராட்சிச் செயலர் இருப்பார், அரசு சார்பில் கவனிக்க அனுப்பப்பட்ட பற்றாளர் ஒருவர் இருப்பார். செயலர் முதலில் கூட்டப்பொருளை வாசிப்பார், வரவு செலவு சொல்வார். இதையெல்லாம் பொறுமையாகக் கேளுங்கள். வரவு செலவில் "மின்மோட்டார் பழுது" என்று ஒரு தொகை வந்தால், எந்த மோட்டார், எந்தத் தேதி, யாரிடம் பழுது பார்த்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்திலேயே அந்த வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்கிற, அதாவது வேலையையும் செலவையும் ஊரே சரிபார்க்கிற, பொறுப்பைக் கிராம சபைக்குத்தான் கொடுத்தார்கள்.

உங்கள் முறை வரும்போது பேச்சு நீளமாக வேண்டாம். பெயர், வார்டு, பிரச்சினை, கோரிக்கை, "இதைத் தீர்மானமாக எழுத வேண்டும்" என்ற கடைசி வரி. இந்தக் கடைசி வரிதான் உயிர்.

நான் பார்த்த ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து, மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவே மாட்டேன் என்கிறது, கீழ்த்தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள், விடிகாலை நாலு மணிக்குக் குடத்தோடு பக்கத்து ஊர் வயல் மோட்டாருக்குப் போக வேண்டியிருக்கிறது என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கூட்டமே அமைதியாகக் கேட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் அங்கே இருந்தது மூன்று வார்த்தை: "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது." மேட்டுத் தெரு இல்லை, உறிஞ்சும் மோட்டார் இல்லை, நாலு மணி இல்லை. அந்த அம்மா பேசவே இல்லை என்பதற்கும் இதற்கும் காகிதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. செயலர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அவருக்கு வேகமாக எழுதி முடிக்க வேண்டியிருந்தது, யாரும் இப்படி எழுதுங்கள் என்று சொல்லவில்லை.

அதனால் தீர்மானத்தை நாமே வீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. இப்படி: "மூன்றாவது வார்டு மேட்டுத் தெருவில் உள்ள 42 வீடுகளுக்கு ஏப்ரல் மாதம் முதல் குடிநீர்க் குழாயில் தண்ணீர் ஏறாததால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து அந்தத் தெருவுக்குத் தனிக் குழாய் அமைக்க மதிப்பீடு தயாரித்து, அடுத்த கிராம சபைக்கு முன் பணியைத் தொடங்க வேண்டும் என்றும், அதுவரை வாரம் மூன்று நாள் லாரியில் தண்ணீர் வழங்க வேண்டும் என்றும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது." எங்கே, எத்தனை வீடு, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்ற நான்கும் இதில் இருக்கிறது. "ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கூட்டம் முடியும் முன்பு எல்லாத் தீர்மானங்களையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் காலியாக இருந்தால் கோடு போட்டு அடைத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தீர்மானத்துக்குப் பலம் உண்டா?

உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை, இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒடிசாவில் நியம்கிரி மலை இருக்கிறது. டோங்கிரியா கோந்த் பழங்குடிகளுக்கு அந்த மலைதான் தெய்வம். அங்கே அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டி எடுக்க வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம் போட்டிருந்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 2006 வன உரிமைச் சட்டப்படி அந்த மக்களின் உரிமையைக் கிராம சபைதான் பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் 12 ஊர்களில், நீதிபதிகள் முன்னிலையில் சபைகள் கூடின. சில ஊர்களில் மொத்த வாக்காளர்களே சில டஜன் பேர்தான். 12 ஊரும் வேண்டாம் என்றன. அடுத்த வருடம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. அங்கே சட்டம் சபையின் பக்கம் வலுவாக இருந்தது.

நமக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. மதுரை மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள், சமணர் படுகையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ள இடம், லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை கூடு கட்டுகிற பாறைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இதை அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் என்ற உலோகத்தை வெட்டி எடுப்பதற்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. நவம்பர் 1 அன்று நடக்க வேண்டிய கிராம சபை அந்த வருடம் நவம்பர் 23க்குத் தள்ளிப்போயிருந்தது. அன்றைக்கு மேலூர் வட்டாரத்தில் ஊராட்சி ஊராட்சியாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல்லுயிர்த் தலம் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுபடி வகுக்க முடியுமா என்று பார்க்கலாம் என்ற பேச்சு டிசம்பர் கடைசியில் மத்திய அரசிடமிருந்து வந்தது. அரிட்டாபட்டிக்காரர்கள் "எங்க ஊர் தப்பித்தது" என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மொத்தத் திட்டமும் ரத்தாக வேண்டும் என்று சுற்று ஊர் மக்களோடு சேர்ந்தே நின்றார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், கடைகள் அடைக்கப்பட்டன. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. தீர்மானம் மட்டுமே இதைச் செய்யவில்லை, ஆனால் அத்தனை ஊரும் ஒரே வரியில் பேசியதற்கு எழுத்துச் சாட்சியாக அந்தத் தீர்மானங்கள் இருந்தன. ஒரு சிலர்தான் எதிர்க்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு பக்கம் ஏகனாபுரம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்குள் வருகிற ஊர். 2022இலிருந்து கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். திட்டம் நிற்கவில்லை, 2025இல் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்தது. தமிழ்நாட்டில் நியம்கிரி போல ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் (பழங்குடிகளுக்காக அரசியலமைப்பு தனிப் பாதுகாப்பு தருகிற இடங்கள்) கிடையாது, பெரிய திட்டங்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிராம சபைக்கு நேரடியாக இல்லை. ஒரு ஊர் தன் மண்ணைப் பற்றி இத்தனை முறை வாய்விட்டுச் சொல்லியும் அது கணக்கில் வராதது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அந்த மக்கள் தீர்மானம் போடுவதை வீண் வேலை என்று நினைக்கவில்லை, நினைத்திருந்தால் அத்தனை தடவை கூடியிருக்க மாட்டார்கள்.

குழாய், விளக்கு, சாலை, சுடுகாட்டுப் பாதை போன்றவற்றில் நிலைமை வேறு. அவை ஊராட்சியின் சொந்த வேலை. அங்கே தீர்மானத்துக்கு உண்மையான பிடி இருக்கிறது.

கூட்டம் முடிந்த மறுநாள்

பெரும்பாலும் இங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. பேசிவிட்டோம், எழுதிவிட்டார்கள், முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். தீர்மான நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள், அதில் அந்தத் தெருக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஊருக்காகப் பேசப் போனவர் தனியாக ஓர் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தால், நல்லவராகவே இருந்தாலும் சந்தேகம் வரும். கொடுத்த மனுவுக்கு ஒப்புதல் ரசீது வாங்குங்கள். "தனிக் குழாய் எல்லாம் முடியாது, ரெண்டு அடிபம்பு போட்டுத் தருகிறோம்" என்று அங்கே சொன்னால், சரி என்று அந்த இடத்திலேயே தலையாட்டிவிடாதீர்கள். தெருவில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று வந்துவிடுங்கள். கோரிக்கை உங்களுடையது இல்லை, அதைக் குறைக்கிற உரிமையும் உங்களுடையது இல்லை.

வந்ததும் தெருவில் சொல்லுங்கள். நல்ல பதில் என்றாலும் மோசமான பதில் என்றாலும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், மேட்டுத் தெரு அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இருக்காது.

இன்னொன்று. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லாத காலத்திலும் கிராம சபை நடக்கும், நடக்க வேண்டும். வீட்டுக்கே போய்ச் சண்டை போடக்கூடிய வார்டு மெம்பர் இல்லாத அந்த மாதங்களில் சபைக்குப் போவது வழக்கத்தைவிட அவசியம்.

அடுத்த கூட்டத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேறு யாரும் பேச ஆரம்பிக்கும் முன்பு எழுந்து, போன கூட்டத்தில் போட்ட தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் சொல்லி, அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் அதையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.